நாலாவது குழாய்

"எனக்கு ஒண்ணுமே ஆகலையேம்மா" என்றார் ஆவுடையப்பன்.

தவமணியம்மா மாட்டுத் தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையை வெளியே எடுக்கவில்லை.

"என்ன ஆகோணும்னு நினைச்சீங்க சார்?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஊரை விட்டு இந்த மலையடிவாரத்துக்கு எதற்காக வரப்போகிறார்?

ஆவுடையப்பனுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர். பிள்ளைகள் இல்லை. மனைவி கோமதி இறந்தபிறகு வீட்டில் அவர் குரல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லாததால் நாளடைவில் அதுவும் அடங்கிவிட்டது. சில நாள் சாயங்காலம் பால்காரர் வந்தபிறகுதான் இன்றைக்கு இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள். மேற்கே வெள்ளியாம்பாறை அடிவாரத்தில் ஒரு ஆசிரமம் இருக்கிறது, அங்கே தவமணியம்மா என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் போனவர்கள் வேறு ஆளாகிவிடுகிறார்கள் என்று.

இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவருக்கு அது போதுமானதாக இருந்தது. பெட்டியைக் கட்டிவிட்டார்.

வந்து பார்த்தால் அம்மா அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். காவி இல்லை, ஜடாமுடி இல்லை. முழங்கால் வரை சாணி அப்பியிருந்தது. இவரா என்று ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டு உபதேசம் கேட்டார்.

"உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று அம்மா கேட்டார்.

"வேதியியல் தெரியும்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. நம்ம பள்ளிக்கூடத்துல பத்தாங்கிளாசுக்கு சயின்ஸ் எடுக்க ஆளில்லீங்க."

ஆவுடையப்பன் இதை ஒரு பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். வந்தவன் பொறுமைசாலியா என்று பார்க்கிறார்கள், ஒரு பருவம் போகட்டும், பிறகு கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவேண்டியதைச் சொல்வார்கள் என்று நினைத்தார். ஒரு பருவம் போயிற்று. மூன்று வருஷமும் போயிற்று. அம்மா கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால், "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பார் இவர். அத்தோடு சரி.

தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இதையெல்லாம் அவர் கொட்டித் தீர்த்தார். பசு வாலை ஆட்டிக்கொண்டு கேட்டது.

சாயங்கால பஜனையில் மற்றவர்கள் இரண்டாவது பாட்டிலேயே கண்ணீர் விடுகிறார்கள் என்றார். போன மாதம் வந்தவர்கள்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். தன்னால் தாளம்தான் போடமுடிகிறது. நடுவில் கால் மரத்துப்போகிறது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் இரண்டு பேர் மூன்று பேராகப் பேசிக்கொண்டே போகிறார்கள், தான் மட்டும் தனியாக அறைக்கு வந்து விளக்கைப் போடுவதாகச் சொன்னார்.

"உங்களுக்குப் புரியும்படி சொல்றேன்" என்று ஆரம்பித்தார். வாத்தியார் புத்தி எங்கே போகும்? கையில் சாக்கட்டி இல்லாதது ஒன்றுதான் குறை.

பத்தாம் வகுப்பில் ஒரு சோதனை இருக்கிறது, நாலு கண்ணாடிக் குழாயில் ஒரே அமிலத்தை ஊற்றி நாலு உலோகத்தைப் போடவேண்டும் என்று விளக்கினார். மெக்னீசியம் போட்டவுடனே நுரைத்துப் பொங்கும். துத்தநாகம் பொறுமையாகக் குமிழி விடும். இரும்பு அழுது வடியும், இருந்தாலும் ஏதோ நடக்கும். நாலாவது செம்பு. அது போட்டபடி கிடக்கும்.

"இங்க வர்றவங்க எல்லாரும் முதல் மூணு குழாய்லயும் இருக்காங்க. நான் நாலாவது குழாய். எத்தனை வருஷம் ஊறினாலும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. அதான் பெட்டியைக் கட்டிட்டேன், இன்னைக்கே ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

அம்மா தவிட்டுக் கையை உதறினார்.

ஊரில் யாரும் இல்லையே என்று கேட்பார் என்று ஆவுடையப்பன் எதிர்பார்த்தார். போகவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்றுகூட உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அப்படிச் சொல்ல இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

"போகோணும்னா போங்க. வழக்கம் தெரியுமில்லீங்க?" என்றார் அம்மா.

தெரியும். அந்த ஆசிரமத்தில் யாரையும் ஏன் போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் போகிறவர் தான் பார்த்த வேலையை அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். சமையலில் இருந்தவர் அடுப்படியைக் காட்டுவார், தோட்டத்தில் இருந்தவர் பாத்தியைக் காட்டுவார். அம்மா பார்ப்பார், தலையாட்டுவார். அவ்வளவுதான் விடைபெறுதல்.

ஆவுடையப்பன் காட்டவேண்டியது ஆய்வுக்கூடம்.

ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய நெல் குதிர் அறைக்கு ஒரு ஜன்னல் வைத்து, சிமென்ட் மேடை போட்டு, ஒரு தண்ணீர்க் குழாய் இழுத்திருந்தார்கள். அவர் பூட்டைத் திறந்ததும் அமில நெடி மூக்கில் ஏறியது. மேடையில் மரத்தாங்கியில் நாலு சோதனைக் குழாய்கள் கழுவாமல் நின்றிருந்தன.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"போன வாரம் செஞ்சது. கழுவுற பிள்ளை வரலை" என்றார்.

"எந்தப் புள்ளைங்க?"

"பவதாரணி. பத்தாம் கிளாஸ்."

யாரும் ஏவாமல் தானாகவே வருகிற பெண் அவள். சோதனை வகுப்பு முடிந்தால் மற்றவர்கள் மணி அடித்ததும் ஓடிவிடுவார்கள். இவள் மட்டும் நின்று குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். கழுவுகிறபோது கேள்வி கேட்பாள், அதுவும் பாடத்தில் எங்கும் இல்லாத கேள்வியாக. மெக்னீசியம் உள்ளே போனதும் எங்கே போகிறது, கரைந்ததைத் திரும்பக் கூப்பிடமுடியுமா, குமிழி மேலே வந்து உடைவதற்கு முன்னால் அதற்குள் இருட்டாக இருக்குமா என்பாள். ஆவுடையப்பன் சுருக்கமாக, கொஞ்சம் சிடுசிடுப்பாகப் பதில் சொல்வார். ஆனால் மறுநாள் வகுப்புக்குப் போகும்போது அவர் நடையில் ஒரு வேகம் இருக்கும். அது எதனால் என்று அவர் யோசித்ததில்லை.

அவள் வராமல் நின்ற பிறகுதான், இங்கே தன்னோடு உட்கார்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான் என்பது அவருக்கு உறைத்தது. பஜனையைப் பற்றி அத்தனை குறை சொன்னவர் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கேள்வி கேட்காததற்காக ஒருவர் ஆசிரமத்தை விட்டுப் போகிறார் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா?

"ஏன் வரலீங்க?" என்று அம்மா கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவர், அம்மா தன் முகத்தையே பார்ப்பதைக் கண்டு நடந்ததைச் சொன்னார்.

அன்றைக்கு அமிலமும் உலோகமும் பாடம். நாலு குழாயிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி உலோகங்களைப் போட்டார். பிள்ளைகள் மேடையைச் சுற்றி நின்றார்கள். மெக்னீசியம் பொங்கியது. குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டினார், பட்டென்று வெடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஹைட்ரஜன் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, நாலாவதாகச் செம்பு என்று எழுதி எதிரே வினை இல்லை என்று எழுதினார்.

முதுகுக்குப் பின்னால் பவதாரணியின் குரல் கேட்டது. செம்பு வெளுத்துருச்சு சார் என்றாள்.

செம்பு வினைபுரியாது, உட்கார் என்றார் இவர். திரும்பவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

இல்லைங்க சார், நெசமா வெளுத்துருச்சு என்றாள் அவள் மறுபடியும்.

அப்போது அவர் ஒன்று சொன்னார். பரீட்சையில் இப்படி எழுதிவைத்தால் பக்கத்து ஊர் ஆடு மாடு எல்லாம் பாஸ் ஆகிவிடும், நீ ஆகமாட்டாய் என்றார். வகுப்பு சிரித்தது. அவர்கூடச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நாலு பேர் தன் பேச்சுக்குச் சிரித்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். அவளும் போய்விட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் தலையைக் குனிந்தபடி எழுதுகிறாள், கேட்டால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிறாள்.

"தப்பா ஒண்ணும் சொல்லிடலைம்மா. செம்பு நீர்த்த அமிலத்துல வினைபுரியாது. அதுதான் பாடம்" என்று முடித்தார் ஆவுடையப்பன்.

அம்மா மேடையில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"முப்பது வருஷமா நடத்திட்டு வர்றேன்."

"அது சரீங்க. பார்த்தீங்களா?"

ஆவுடையப்பன் குழாய்த் தாங்கியின் பக்கம் திரும்பினார்.

அவர் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, அதற்கு முன்னும் பார்த்ததாக நினைவில்லை. மெக்னீசியக் குழாயைப் பார்த்திருக்கிறார், எத்தனையோ முறை பார்த்தும் அலுத்ததில்லை. நாலாவது குழாயில் பார்க்க என்ன இருக்கிறது?

தாங்கியைத் தூக்கி ஜன்னலோரம் கொண்டுபோனார்.

முதல் குழாயில் மெக்னீசியம் இல்லை. தண்ணீர் போல ஏதோ தெளிவாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் அடியில் கொஞ்சம் கசடு. மூன்றாவதில் ஆணி அரித்து இளைத்து, பழுப்புக் குழம்பில் கிடந்தது.

நாலாவதில் செம்புக் கம்பி நின்றுகொண்டிருந்தது.

அவர் அதை வெளியே எடுத்தார். தண்ணீரில் அலசினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

அமிலத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மேல்பாதி கறுப்பாக இருந்தது. மூழ்கிக் கிடந்த கீழ்ப்பாதி இளஞ்சிவப்பில் பளபளவென்று இருந்தது. புதிதாகச் செய்த கம்பி போல இருந்தது.

"அட" என்றார்.

பிறகு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதை விளக்காமல் இருக்க முடியாதவர், மடமடவென்று சொல்ல ஆரம்பித்தார். ஆய்வுக்கூடத்தில் செம்புத் துருவல் தீர்ந்துபோயிருந்தது, பழைய மின்கம்பியைத் தீயில் காட்டி மேலுறையை எரித்துவிட்டுப் போட்டேன், தீயில் காட்டியதால் மேலே கறுப்பாக ஆக்சைடு படிந்திருந்தது, அமிலம் அந்தக் கறுப்பைத்தான் கரைத்திருக்கிறது, பாருங்கள், அதனால்தான் குழாயில் இருப்பது லேசான பச்சையாக இருக்கிறது என்றார்.

"ஆக, அந்தப் பிள்ளை சொன்னதும் சரி. பாடமும் சரி. செம்புக்கு ஒண்ணும் ஆகலை. அது அப்படியேதான் இருக்கு. மேல படிஞ்சிருந்த கறுப்புதான் கொஞ்சம் கொஞ்சமா..."

அங்கே அவர் பேச்சு நின்றுவிட்டது.

அம்மா மேடையில் கிடந்த ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இதெதுக்குங்க சார்?"

"உலோகத்தைத் தேய்க்கிறதுக்கு. மேல அழுக்கு இருந்தா வினை சரியா நடக்காது. தேய்ச்சுட்டுத்தான் போடணும்."

"நாலையும் தேய்ச்சீங்களா?"

"மூணைத் தேய்ச்சேன்."

"இதை?"

கையில் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே ஆவுடையப்பன் பதில் சொன்னார். குரல் தாழ்ந்துவிட்டது.

"இதுக்கு எப்படியும் ஒண்ணும் ஆகப்போறதில்லைன்னு விட்டுட்டேன்."

அம்மா உப்புத்தாளை இருந்த இடத்திலேயே வைத்தார். தலையாட்டினார். வேலையைப் பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

"பஸ் அஞ்சரைக்குங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், நான் வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் முக்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று வருஷம் காத்திருந்த உபதேசம் இதுதானா, இல்லை அம்மா மாட்டு ஞாபகத்தில் ஏதோ கேட்டுவிட்டுப் போகிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு அவர் மனசில் அந்தப் பெண்ணின் குரல்தான் ஓடியது. நெசமா வெளுத்துருச்சு என்று இரண்டாவது முறை சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். தெரியவில்லை. அவர் அதையும் பார்க்கவில்லை.

கோமதிகூடச் சொல்வாள், நான் பேசும்போது கொஞ்சம் என் முகத்தைப் பார்த்தால் என்ன என்று. பேப்பருக்குப் பின்னாலிருந்து, கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்பார் இவர். கேட்டதும் உண்மைதான். அவள் என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்லமுடியும். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

அது அவருக்கு ரொம்ப வலித்தது. பஜனையில் வராத கண்ணீர் இங்கே வந்துவிடுமோ என்று பயந்தார். வரவில்லை.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. நின்று, ஆள் ஏறாமல் கிளம்பிப்போகும் சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

வெளிச்சம் குறைவதற்குள் எழுந்து குழாய்களைக் கழுவ ஆரம்பித்தார். அந்தப் பெண் எப்படிக் கழுவுவாள் என்று அவருக்குத் தெரியாது, அதனால் தூரிகையை உள்ளே விட்டுத் திருகி ஒரு குழாயை உடைத்துவிட்டார். மற்ற மூன்றும் தப்பின.

மறுநாள் பத்தாம் வகுப்புக்கு உப்புகள் பாடம் நடத்தவேண்டிய முறை. பிள்ளைகள் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தபோது மேடையில் ஒரே ஒரு குழாய் இருந்தது. பக்கத்தில் அமிலப் புட்டி. தீயில் காட்டிய ஒரு கறுத்த செம்புக் கம்பி.

நடத்தி முடித்த பாடத்தை எதற்கு மறுபடி என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். ஆவுடையப்பன் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. சாக்கட்டியையும் எடுக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பவதாரணி சுவரோரம் தலையைக் குனிந்து நின்றிருந்தாள்.

"பவதாரணி."

"சார்."

"அன்னைக்கு நீ ஒண்ணு சொன்ன. செம்பு என்ன ஆச்சுன்னு சொன்ன?"

அடுத்த சிரிப்பு வரப்போகிறது என்று இரண்டு பேர் வாயைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

"செம்பு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வினைபுரியாது சார்" என்று ஒப்பித்தாள் அவள்.

"அது புத்தகம். நீ பார்த்ததைக் கேட்டேன்."

அவள் சுவரோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

இவள் இப்போது பேசாவிட்டால் பிறகு எப்போதும் பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. சாயங்காலம் மறுபடியும் பஸ் வரும், பெட்டி கட்டியபடியே இருக்கிறது என்பதும் தெரிந்தது. முப்பது வருஷம் பாடம் நடத்தியவருக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அன்னைக்கு நான் பார்க்கலை" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

பவதாரணி தலையை நிமிர்த்தினாள். அவரைப் பார்த்தாள், மேடையில் கிடந்த கறுத்த கம்பியைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தான் எப்போதும் நிற்கும் இடத்தில், தண்ணீர்க் குழாய்ப் பக்கமாக நின்றாள்.

"மறுக்கா போடுங்க சார்" என்றாள். "இந்தவாட்டி நீங்களும் பாருங்க."